ஒரு கைபேசி, நான்கு பேர்: வீடியோ பரிந்துரைகளை அடக்க எந்த வழி யாருக்கு ஏற்றது?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையில் மாலை நேரக் கணினி வகுப்பு நடத்தி வருகிறேன். கடந்த சில மாதங்களாக, பாடம் முடிந்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: யூடியூபும் இன்ஸ்டாகிராமும் தாமாகவே கொண்டுவந்து காட்டும் வீடியோக்களை மாற்றுவது எப்படி? கேட்பவர்களின் நிலைதான் வேறுவேறு. குளச்சலைச் சேர்ந்த விசைப்படகு ஓட்டுநர் ஒருவர், கடல் நிலவரம் பார்க்கத் திறந்தால் எப்போதோ வந்த புயலின் வீடியோ முதலில் நிற்கிறது என்கிறார். திருவட்டாற்றுப் பக்கம் ரப்பர் பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் கணக்குப் பாடம் பார்க்கிறேன் என்று கைபேசியை வாங்கி ஷார்ட்ஸில் போய் முடிகிறான் என்கிறார். நாகர்கோவிலில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர், தெரியாமல் ஒரே ஒரு முறை பார்த்த வீடியோவின் சாயலில் மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறது என்கிறார்.

மூவரும் ஏதோ ஒன்றைச் செய்து பார்த்தவர்களே. ஒருவர் ‘ஆர்வமில்லை’ என்ற பொத்தானை அழுத்தி அழுத்திச் சலித்துவிட்டார். ஒருவர் செயலியையே நீக்கிவிட்டு நான்கே நாளில் மறுபடி நிறுவினார். ஒருவர், பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்று, இதுவரை பார்த்தவற்றின் பட்டியலான பார்வை வரலாறு முழுவதையும் அழித்தார். இவற்றுள் எது உண்மையில் வேலை செய்கிறது, எதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது, எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். யூடியூபையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். நான் போய்வரும் வீடுகளில் கைபேசியிலும் கூடத்துத் தொலைக்காட்சியிலும் ஒருசேர ஓடுவது அதுதான். இன்ஸ்டாகிராம் வேறுபடும் இடங்களில் அதைத் தனியே சுட்டுகிறேன்.

எதைக் கொண்டு அளப்பது

பரிந்துரை செய்யும் அல்காரிதம் நம்மைக் கேட்டு அறிவதைவிட நம்மைக் கவனித்து அறிவதே அதிகம். யூடியூப் 2012இல், எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணிக்கையை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை முதன்மை அளவாக எடுத்துக்கொண்டது. விருப்பக்குறி, பகிர்வு, இடையிடையே திரையில் கேட்கும் கருத்துக் கேள்விகள் ஆகியவையும் பின்னர் அதனுடன் சேர்ந்தன. அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது. குவிந்து கிடக்கும் லட்சக்கணக்கான வீடியோக்களிலிருந்து சில நூறைப் பொறுக்கி எடுப்பது முதற்கட்டம். பொறுக்கியவற்றை நமக்கென வரிசைப்படுத்துவது இரண்டாம் கட்டம். பொறுக்குவதற்கு முக்கியமான ஆதாரம், நாம் முன்பு பார்த்தவையும், நம்மைப் போலவே பார்த்துவந்த பிறர் அடுத்து எதைப் பார்த்தார்கள் என்பதுமே. யூடியூபில் மக்கள் செலவிடும் நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளால் வருகிறது என்று அதன் உயர் அதிகாரி 2018இல் கூறினார். தேடிப் பார்ப்பது நம் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, பெரும்பகுதி நேரம் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு ஐந்து அளவுகோல்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது விளைவு: வேண்டாதவை உண்மையிலேயே குறைகின்றனவா? இரண்டாவது நிலைப்பு: ஒருமுறை செய்தால் அப்படியே நிற்குமா, அல்லது செயலியை மூடித் திறந்தவுடன் பழைய நிலைக்குத் திரும்புமா? மூன்றாவது, நம்மிடம் அது கேட்கும் உழைப்பு. நான்காவது, முன்கூட்டியே யாரும் சொல்லாத இழப்பு. ஐந்தாவதை நம் ஊர் வீடுகளை மனத்தில் வைத்து நானே சேர்த்தேன். மற்ற நான்கையும்விட அதற்கே அதிக எடை கொடுக்கிறேன். ஒரே கைபேசியையோ ஒரே தொலைக்காட்சியையோ பலர் பகிர்ந்துகொள்ளும்போதும் அந்த வழி தாக்குப்பிடிக்குமா என்பதே அது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு என் வீடே சான்று. கூடத்துத் தொலைக்காட்சியில் நுழைந்திருப்பது என் கணக்கு. காலையில் அம்மா அதில் மலையாளச் செய்தியும் பக்திப் பாடல்களும் பார்ப்பார். பள்ளி விட்டு வந்ததும் அக்காள் மகன் லாரி பொம்மைப் படம் பார்ப்பான். இரவு பத்து மணிக்கு நான் கணினிப் பாடம் பார்ப்பேன். இந்த மூன்றும் சேர்ந்து, லாரியில் ஆசையுள்ள, பக்தி மிகுந்த, நிரல் எழுதத் தெரிந்த ஒரே மனிதர் என்ற உருவம் அந்தக் கணக்கின் பெயரில் தயாராகிறது. அப்படியொருவர் எங்கள் வீட்டில் இல்லை. ‘பரிந்துரைகளைச் சீர்படுத்துவது எப்படி’ என்று எழுதப்படும் அறிவுரைகள் ஒரு கணக்குக்கு ஓர் ஆள் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன. ஒரு கைபேசியில் நான்கு பேர் பார்க்கும் வீட்டில், இயந்திரத்துக்கு ‘என்னைச் சரியாகப் புரிந்துகொள்’ என்று பாடம் நடத்துவதில் பொருளில்லை. புரிந்துகொள்வதற்கு அங்கே ஒரு ‘நான்’ இல்லை.

வழி 1: மூன்று புள்ளிக்குள் இருக்கும் பொத்தான்கள்

வீடியோவின் பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் ‘ஆர்வமில்லை’ என்பதும், அந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்பதும் வரும். பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது இங்கேதான்.

ஃபயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னுள்ள மொசில்லா அறக்கட்டளை 2022இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பொத்தான்களைச் சோதித்தது. 20,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் உலாவிகளில் நீட்சி என்னும் சிறு கூடுதல் நிரல் ஒன்றைப் பொருத்தி, 50 கோடிக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைத் திரட்டி, பொத்தானை அழுத்தியவர்களையும் அழுத்தாதவர்களையும் ஒப்பிட்டார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய வீடியோவை ஒத்தவை மீண்டும் வருவதை, சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம் என்ற பொத்தான் 43 விழுக்காடு தடுத்தது. பார்வை வரலாற்றிலிருந்து அந்த வீடியோவை நீக்குவது 29 விழுக்காடு தடுத்தது. கட்டைவிரலைக் கீழே காட்டும் குறி 12 விழுக்காடும், ‘ஆர்வமில்லை’ 11 விழுக்காடும்தான் தடுத்தன. ஒரு தலைப்பையோ கருத்தையோ முழுவதுமாக வடிகட்டிவிடுவது இந்தப் பொத்தான்களின் நோக்கமன்று என்பது யூடியூப் தரப்பின் மறுமொழியாக இருந்தது. அந்த மறுமொழியையும் ஆய்வின் எண்களையும் சேர்த்துப் படித்தால் முடிவு ஒன்றே: அதிகம் அழுத்தப்படும் பொத்தான்தான் குறைவாக வேலை செய்கிறது.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் தமிழும் மலையாளமும் கலந்தே பார்க்கிறார்கள். தமிழ் வீடியோ மட்டும் போதும் என்று நினைக்கும் ஒருவர், மலையாளச் சேனல் ஒன்றை ஒதுக்கினால் மறுநாள் இன்னொன்று வரும். ஏனென்றால் பொறுக்கும் கட்டத்தில் அந்தச் சேனல்கள் தத்தம் பெயரால் வரவில்லை. இவர் பார்ப்பதைப் பார்க்கும் பிற பார்வையாளர்கள் அவற்றையும் பார்ப்பதால் கூட்டமாக வருகின்றன. கூட்டத்தை ஒவ்வொரு ஆளாக வாசலில் நிறுத்துவதில் பயனில்லை.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, அழுத்தியதை நாம் மறந்துவிடுவோம். கூகுள் அதை ‘எனது செயல்பாடு’ பக்கத்தின் உள்ளே வைத்திருக்கும். கோபத்தில் ஒதுக்கிய நல்ல சேனலைத் திரும்பப் பெற அங்கே போய்த் தேட வேண்டும். மற்றொன்று, பகிர்ந்துகொள்ளும் கைபேசியில் ஒருவர் ஒதுக்கியது அதே கணக்கில் பார்க்கும் எல்லோருக்கும் ஒதுக்கியதாகிவிடும். அண்ணன் எரிச்சலில் ஒதுக்கிய சீரியல் சேனல் அம்மாவின் முகப்பிலிருந்தும் போய்விடும்.

இருந்தும் இந்த வழியைத் தள்ளிவிட முடியாது. கைபேசி ஒருவருக்கே உரியதாக இருந்து, தொல்லை இரண்டு மூன்று சேனல்களிலிருந்து மட்டும் வருமானால், ‘ஆர்வமில்லை’ என்பதைத் தொடாமல் சேனலை ஒதுக்கும் பொத்தானை மட்டும் பயன்படுத்தினால் போதும். மற்ற வழிகள் எதுவும் தேவைப்படாது.

வழி 2: பார்வை வரலாற்றின் மீது கை வைப்பது

பொத்தான்கள் வந்து சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளப் பார்க்கின்றன. வரலாற்றை நிறுத்தினால் முதற்கட்டத்துக்கான கச்சாப் பொருளே நின்றுபோகிறது. ஆகவே கைபேசியைப் பொறுத்தவரை விளைவில் இதற்கு ஈடில்லை. இதில் மூன்று அளவுகள் உண்டு. அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

மிக மென்மையானது, தவறிப் பார்த்த ஒரு வீடியோவை மட்டும் வரலாற்றுப் பட்டியலில் தேடி நீக்குவது. நாகர்கோவில் பெண்ணுக்கு இதுவே போதுமானதாக இருந்தது. மூன்று வாரமாக ‘ஆர்வமில்லை’ அழுத்தியவர், தொடக்கப் புள்ளியான அந்த ஒரு வீடியோவையும் அதன் தொடர்ச்சியாகச் சொடுக்கிய நான்கைந்தையும் வரலாற்றிலிருந்து எடுத்தார். சில நாளில் தொல்லை தணிந்தது. வீட்டில் கரையான் வந்தால் சுவரில் தெரியும் தடத்தைத் துடைப்பதற்கும் புற்றைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

நடு அளவு, தானாக அழியும்படி அமைப்பது. 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று காலவரையறை வைக்கலாம். பரிந்துரை முழுவதும் போய்விடாது. ஆனால் பழைய ஆர்வங்கள் தாமாகக் கழன்றுவிடும். தேர்வுக்குப் படித்து முடித்தவர்களுக்கும், ஒரு காலத்தில் வீடு கட்டுவது பற்றிப் பார்த்து இப்போது கட்டி முடித்துவிட்டவர்களுக்கும் 3 மாத அளவு பொருந்தும்.

மூன்றாவது, வரலாற்றை அடியோடு நிறுத்தி வைப்பது. 2023 ஆகஸ்டில் யூடியூப் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. வரலாறு நிறுத்தப்பட்டு, முந்தைய வரலாறும் குறிப்பிடத்தக்க அளவில் இல்லையென்றால், முகப்பில் பரிந்துரை எதுவும் காட்டப்படாது. தேடல் பெட்டி மட்டும் நிற்கும். முதன்முறை அதைப் பார்ப்பவர்கள் கைபேசி கெட்டுவிட்டது என்றே நினைப்பார்கள். என் வகுப்பில் ஒருவர் சார்ஜ் போட்டுப் பார்த்தார். அந்த வெறுமையே இவ்வழியின் பயன். நான்கு பேர் பகிரும் கருவியில் நான்கு பேருக்கும் ஒரே சுத்தமான வாசல் கிடைக்கிறது. யாருடைய பழக்கமும் யாருடைய முகப்பிலும் கசிவதில்லை.

இதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். பாதியில் விட்ட வீடியோ விட்ட இடத்திலிருந்து தொடராது. ‘நேற்றுப் பார்த்தேனே, அந்த மண் பரிசோதனை வீடியோ’ என்று தேடினால் பட்டியல் இருக்காது. பிடித்ததைச் சேமிப்புப் பட்டியலில் போட்டுவைக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்கு இது பெரிய இழப்பு. மேலும், ஒரு வீடியோவைத் திறந்த பிறகு அதன் கீழே அடுக்கப்படும் தொடர்புடைய வீடியோக்கள் இதனால் நின்றுவிடுவதில்லை; அடுத்த வீடியோ தானாக ஓடுவதையும் தனியே அணைக்க வேண்டும். தேடல் வரலாறு தனி, விளம்பரங்களுக்கான அமைப்பும் தனி. வரலாற்றை நிறுத்தியும் நகைக்கடை விளம்பரம் வருகிறதே என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

முழுவதுமாக நிறுத்த விருப்பமில்லாத வீடுகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கைபேசியைக் குழந்தையிடமோ விருந்தினரிடமோ கொடுக்கும்போது மட்டும் செயலியின் மறைநிலையை இயக்கிவிடுவது. அந்த நேரத்தில் பார்த்தவை கணக்கில் பதிவாகாது. கொடுக்கிறவருக்கு நினைவு இருக்க வேண்டும் என்பதே இதன் பலவீனம். அழும் குழந்தையின் கையில் கைபேசியைத் திணிக்கும் அவசரத்தில் எவருக்கும் அது இருப்பதில்லை.

வழி 3: நாமே தேர்ந்த சேனல்களைக் கால வரிசையில் மட்டும் பார்ப்பது

முகப்புக்குப் போகாமல், சந்தா (சப்ஸ்கிரைப்) செய்த சேனல்களின் பக்கத்துக்கு நேரே போவது இது. புதியது மேலே, பழையது கீழே. இடையில் எவருடைய ஊகமும் இல்லை. இன்ஸ்டாகிராமும் 2022இல், நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளை மட்டும் கால வரிசையில் காட்டும் பார்வையைக் கொடுத்தது. பரிந்துரைக்கப்பட்ட பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்தி வைக்கும் வசதியும் அதில் உண்டு.

கடற்கரை ஊர்களுக்கு இந்த வழியின் அருமை தனி. முகப்பு எதை மேலே வைக்கும் என்பதைப் பார்ப்பவரின் ஈர்ப்பு தீர்மானிக்கிறது. வெளியான நாள் பல காரணிகளில் ஒன்று மட்டுமே. பதறவைக்கும் பழைய புயல் வீடியோ, நிதானமாகப் பேசும் இன்றைய அறிவிப்பை எளிதில் முந்திவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, எச்சரிக்கை போய்ச் சேரும் முன்பே கடலுக்குள் இருந்தவர்களை இழந்த ஊர்கள் இவை. அதன் வீடியோக்கள் இன்றும் பார்க்கப்படுகின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் புதிய தலைப்போடு மேலே வருகின்றன. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரத் தென்கடலிலிருந்து எழும்பிவரும் கள்ளக்கடல் என்னும் பேரலைகள் போன்றவற்றுக்கு, ஹைதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் நாளும் மணியும் குறித்து எச்சரிக்கை விடுக்கிறது. நாளும் மணியும் முக்கியமான ஒன்றை, நாளையும் மணியையும் இரண்டாம் இடத்தில் வைக்கும் ஒரு வரிசையிடம் கேட்கக் கூடாது. அந்த மையத்தின் தளத்தையும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தையும் நேரே திறப்பது முதல் வேலை. வீடியோவாகத்தான் வேண்டும் என்பவர், நம்பும் ஒன்றிரண்டு சேனல்களுக்குச் சந்தா செய்து அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கட்டும்.

இவ்வழியின் குறை நிலைப்பில் இருக்கிறது. செயலி திறக்கும்போதெல்லாம் முகப்பே முதலில் வரும். ஒவ்வொரு முறையும் நாம் விலகிப் போக வேண்டும். இது அற்பமான குறை அன்று. இதே காரணத்துக்காக 2025 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ஒன்று, பயனர் தேர்ந்த கால வரிசையைச் செயலி தானாக மாற்றிவிடக் கூடாது என்று இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவின் பயன் நெதர்லாந்துக்காரர்களுக்கு. நமக்குக் கைவசம் இருப்பது ஒரு சிறு உத்தி: ஆண்ட்ராய்டு கைபேசியில் யூடியூப் படவுருவை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் சந்தாப் பக்கத்துக்கான குறுக்குவழி வரும், அதை இழுத்து முன்திரையில் வைத்துவிட்டு, மூல படவுருவை உள்ளே தள்ளிவிடலாம்.

வேறு இரண்டு இழப்புகளும் உண்டு. நாளுக்குப் பத்து வீடியோ போடும் செய்திச் சேனல், மாதம் ஒன்று போடும் வேளாண் சேனலை மூழ்கடித்துவிடும்; கால வரிசைக்குத் தரம் தெரியாது. தெரியாத நல்ல சேனல் ஒன்று தற்செயலாகக் கண்ணில் படுவதும் நின்றுவிடும். மட்டி வாழைக்கு வரும் நோயைப் பற்றி வேறு மாவட்டத்து விவசாயி ஒருவர் போட்ட வீடியோவை முகப்புதான் எனக்குக் காட்டியது என்று ஒரு மாணவர் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு எதுவும் இல்லை.

வழி 4: அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது

இன்ஸ்டாகிராம் 2024 நவம்பரில் பரிந்துரைகளை முழுவதுமாக மீளமைக்கும் வசதியை அறிவித்தது. யூடியூபில் பார்வை, தேடல் வரலாறுகள் இரண்டையும் மொத்தமாக அழிப்பது அதற்கு நிகர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இயந்திரத்துக்கு நம்மைப் பற்றி எதுவும் தெரியாதபோது, அந்த நேரத்தில் எல்லோரும் பார்ப்பதைக் காட்டக்கூடும். எல்லோரும் பார்ப்பது பெரும்பாலும் நாம் தப்பிக்க நினைத்ததுதான். முதல் சில நாள் நாம் எதில் நின்றோமோ அதுவே புதிய அடித்தளமாகும். பழக்கம் மாறாமல் அழிப்பவருக்கு ஒரு மாதத்தில் அதே முகப்பு திரும்பிவிடும். அழித்ததைத் திரும்பப் பெறவும் முடியாது.

பயன்படுத்திய கைபேசியை வேறொருவருக்குக் கைமாற்றாமல் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கொடுக்கும்போதும், வாழ்க்கையில் ஒரு துயரம் கடந்து அது தொடர்பான வீடியோக்கள் கண்ணில் படவே வேண்டாம் என்னும்போதும் இவ்வழி சரி. மற்றபடி, பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

வழி 5: பரிந்துரைப் பகுதியையே மறைக்கும் கருவிகள்

கணினி உலாவியில் அன்ஹூக் போன்ற நீட்சிகளை நிறுவினால் முகப்பு, பக்கவாட்டுப் பட்டியல், ஷார்ட்ஸ் என்று வேண்டாத பகுதிகளைத் தனித்தனியே மறைக்கலாம். விளைவு முழுமையானது, ஒருமுறை செய்தால் நிற்கும். ஆனால் யூடியூப் செயலியிலோ தொலைக்காட்சியிலோ இவை வேலை செய்யா. வீட்டில் கணினியே இல்லாதவர்களுக்கு இது பேச்சளவில்தான். பார்க்கும் பக்கத்தைப் படிக்கும் அனுமதியை அந்த நீட்சிக்குக் கொடுக்கிறோம் என்பதையும், யூடியூப் தன் பக்க அமைப்பை மாற்றினால் அது சில நாள் செயலிழக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பள்ளி, நூலகம், பயிற்சி மையம் ஆகியவற்றின் பொதுக் கணினிகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. என் வகுப்புக் கணினிகளில் இதைத்தான் வைத்திருக்கிறேன்.

ஐந்தையும் அருகருகே வைத்தால்

| அளவுகோல் | பொத்தான்கள் | வரலாற்றை நிறுத்துதல் | சந்தா வரிசை | மீளமைத்தல் | மறைக்கும் நீட்சி |
|---|---|---|---|---|---|
| விளைவு | குறைவு. சேனலை ஒதுக்குவது மட்டும் நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம், அங்கேயே நின்றால் | தற்காலிகம் | முழுமை |
| நிலைப்பு | ஓரளவு | நிற்கும் | ஒவ்வொரு முறையும் முகப்புக்குத் திரும்பும் | நிற்காது | நிற்கும் |
| உழைப்பு | ஓயாத வேலை | ஒருமுறை | தொடக்கத்தில் சேனல் தேர்வு, பின்னர் பழக்கம் | ஒருமுறை | ஒருமுறை |
| சொல்லப்படாத இழப்பு | மற்றவருக்கும் ஒதுக்கப்படும் | விட்ட இடம் நினைவிராது | புதியவை கண்ணில் படா | திரும்பப் பெற முடியாது | பக்கத்தைப் படிக்கும் அனுமதி |
| பகிரும் கருவியில் | பொருந்தாது | மிகப் பொருந்தும் | பொருந்தும் | பொருந்தாது | கணினியில் மட்டும் |

பிள்ளைகளின் கணக்கு வேறு

பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மேற்சொன்ன ஐந்தில் எதையும் பரிந்துரைக்க மாட்டேன். யூடியூப் கிட்ஸ் செயலியில், பெற்றோர் கைப்படத் தேர்ந்த வீடியோக்களும் சேனல்களும் மட்டுமே தெரியும்படி வைக்கும் முறை இருக்கிறது. தேர்வு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் செலவாகும். தமிழில் தேர்ந்தெடுக்க உள்ளவை ஆங்கிலத்தைவிடக் குறைவு. ஆனாலும் ஊகத்துக்கு இடமே இல்லாத ஏற்பாடு அது ஒன்றுதான்.

பத்தாம் வகுப்புப் பையனின் சிக்கல் இதிலிருந்து வேறு. அவன் பார்க்கும் பாடம் எல்லாம் யூடியூபிலேயே இருக்கிறது; பிடுங்கிவிட முடியாது. ஷார்ட்ஸ் பார்க்கும் நேரத்துக்கு நாள் வரம்பு வைக்கும் வசதியை யூடியூப் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆனால் சொந்தக் கணக்கில் வைத்த வரம்பை ஒரு தட்டலில் தள்ளிவிடலாம் என்பதால், அது நினைவூட்டல்தானே தவிரப் பூட்டு அன்று.

சட்டம் எதைக் கொடுக்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்முறைச் சேவைகள் சட்டம், மாதம் 4.5 கோடிக்கு மேற்பட்ட ஐரோப்பியப் பயனர்களைக் கொண்ட பெரும் தளங்கள், பயனரின் பழக்கங்களைக் கொண்டு உருவாக்கிய விவரக்குறிப்பைச் சாராத பரிந்துரை முறை ஒன்றையாவது கொடுத்தாக வேண்டும் என்கிறது. பெரும் தளங்களுக்கு அது 2023 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. இந்தியாவில் அதற்கு நிகரான உரிமை இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முதன்மையான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. பெரியவர்களுக்கான பரிந்துரை எப்படி அமைய வேண்டும் என்பதில் அச்சட்டம் நுழையவில்லை. ஆகவே இப்போதைக்கு நம் தேர்வு, நிறுவனங்கள் தாமாகக் கொடுத்திருக்கும் அமைப்புகளுக்குள்தான். கொடுத்ததை அவர்களே மாற்றவும் கூடும் என்பதால், வரலாறு நிறுத்தப்பட்டே இருக்கிறதா என்று செயலி புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒருதரம் பார்த்துவிடுவது நல்லது.

மூவருக்கும் நான் சொன்னது

தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்குக் கைபேசி அவருக்கே உரியது. வரலாற்றை நிறுத்தினால் பாதியில் விட்ட வகுப்புகளைத் தொடர முடியாது என்பதால் அதைச் சொல்லவில்லை. தவறியவற்றை வரலாற்றிலிருந்து எடுப்பது, 3 மாதத் தானழிப்பு, இரண்டு சேனல்களை ஒதுக்குவது ஆகிய மூன்றே போதும் என்றேன்.

படகு ஓட்டுநருக்குச் சந்தா வரிசையின் குறுக்குவழியை முன்திரையில் வைத்துக் கொடுத்தேன். அதற்கு மேலே வானிலைத் துறையின் பக்கத்தையும் கடல்சார் மையத்தின் பக்கத்தையும் வைத்தேன். முகப்பை அவர் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளட்டும். அதைத் திருத்த நான் முயலவில்லை.

திருவட்டாற்று வீட்டில்தான் கணக்கு சிக்கலாக இருந்தது. ஒரே கைபேசி, நான்கு பேர். பால்வெட்டும் கணவர் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவதால் பகலெல்லாம் கைபேசி வீட்டில் மகனிடமும் மகளிடமும் மாறிமாறி இருக்கும். முதலில் பழைய வரலாற்றை அழித்துவிட்டு, வரலாற்றை அடியோடு நிறுத்தினோம். முகப்பு வெறுமையானது, மகன் தேடிப் பார்க்கும் நிலைக்கு வந்தான். மூன்றாம் நாள் அந்த அம்மாவே வந்து, தான் பார்க்கும் தொடர் விட்ட இடத்தில் நிற்கவில்லை, ஒவ்வொரு பகுதியாகத் தேட வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கென்று அதே கைபேசியில் இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கி, அதில் மட்டும் வரலாற்றை இயங்க விட்டோம். கணக்கு மாற்றும் இடம் எது என்பதை மகனுக்குக் காட்ட வேண்டாம் என்று அவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவனுக்கு அது முன்பே தெரியும் என்பதை நான் சொல்லவில்லை.